லைப்ரரி கால் நம்பருக்கு (call number) ‘நூல் விலாசம்’னு வைக்கலாமே

வணக்கம் எல்லாருக்கும். லைப்ரரில புஸ்தகத்தத் தேடி எடுக்க அதோட முதுகுல ஒட்டியிருக்க கால் நம்பருக்குத் தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்ங்குற பேச்சுல அழைப்பெண், இட எண், முகவரின்னு இதுவரைக்கும் வந்த சொல்லு எல்லாத்தையும் படிச்சேன், காரைக்குடிக்காரனா எனக்குத் தோணுறதச் சொல்லிர்றேன்.

அழைப்பெண் வேணாம். அந்தக் காலத்துல ரேக்குப் பக்கமே வாசகர விடமாட்டாங்க, சீட்டுல நம்பர எழுதிக் குடுத்தா உள்ள இருக்கவரு எடுத்தாந்து குடுப்பாரு, அதுக்கு அந்தப் பேரு பொருந்துச்சு. இப்ப நாமளே உள்ள போயி எடுக்குற லைப்ரரிதான் நிறைய. அழைப்பெண்ணுன்னா முதல் வருசப் புள்ளைக போன் நம்பர்னுதான் நினைக்கும்.

இட எண் இன்னும் தப்பு. புஸ்தகம் எந்த ரேக்குல இருக்குன்னு இந்த நம்பர் சொல்லவே சொல்லாது, எதுக்குப் பக்கத்துல இருக்கும்னுதான் சொல்லும். புஸ்தகங்கள வகை பிரிச்சு அடுக்க அமெரிக்காக்காரரு டூயி 1876ல போட்ட முறையோட பலமே அதான், புதுப் புஸ்தகம் வந்து குமிஞ்சு ரேக்க மாத்தி அடுக்குனாலும் முதுகுல ஒட்டுன லேபிள மாத்த வேண்டியதில்ல. நம்ம சீர்காழிக்காரரு, நூலக அறிஞர் ரங்கநாதன் 1933ல கொண்டாந்த கோலன்ங்குற வகைப்பாட்டு முறையிலயும் அப்படித்தான்.

அதுனாலதான் விலாசம்னு சொல்றேன். முகவரிதானே அதுன்னு கேப்பீங்க, இல்ல. எங்க பக்கம் நகரத்தார் வீடுகள்ல பாட்டன், தகப்பன் பேரோட முதலெழுத்த வரிசையாச் சேத்துப் போடுறாங்கள்ல, அதுக்கும் விலாசம்னுதான் பேரு. கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போயி ரங்கூன்ல கடை வச்சாலும் பினாங்குல வச்சாலும் அந்த எழுத்து கூடவே போகும், பாத்த ஒடனே எந்த வீட்டு ஆளுன்னு தெரிஞ்சுரும். வீடு மாறுனா முகவரி மாறிரும், விலாசம் மாறாது. வடசொல்லுன்னு தள்ளுறவங்க இத ஒரு தடவ யோசிக்கணும்.

எண்ணுன்னு முடியுற எந்தச் சொல்லும் எனக்கு உடன்பாடில்ல, அதுக்கும் காரணம் இருக்கு. டூயி முறையில 894.811 தமிழ் இலக்கியம், கூட 1 சேந்தா கவிதை, 3 சேந்தா கதை, நாவல். தெலுங்கு இலக்கியம் 894.827. எண்ணுன்னு சொல்லிக் குடுத்தா புள்ளைக 827ஐ விட 8113 பெருசுன்னு தெலுங்கத் தாண்டிப் போயித் தமிழ் நாவலத் தேடும். புள்ளிக்கு அப்பறம் ஒவ்வொரு இலக்கமாத்தான் ஒப்பிட்டுப் பாக்கணும், அப்ப 8க்கு அடுத்து வர்ற 1 முன்னாடி, 2 பின்னாடி, தமிழ்தான் முதல்ல வரும். அதோட லேபிள்ல கீழ் வரியில ஆசிரியர் பேரோட எழுத்தும் வருது, எழுத்து இருக்கதப் போயி எப்படி வெறும் எண்ணுங்குறது?

இந்த நம்பர ரங்கநாதன் மூணு துண்டாச் சொன்னாரு: எந்தப் பொருள்னு சொல்றது, அதே பொருள்ல அந்தப் புஸ்தகத்தத் தனியாக் காட்டுறது, எந்தத் தொகுப்புல சேந்ததுன்னு சொல்றது. அதுகளுக்கு வரிசையா வகுப்பெண், நூலெண், தொகுப்பெண்ணே இருக்கட்டும். மூணும் சேந்த மொத்தத்துக்கு நூல் விலாசம், முதுகு லேபிளுக்கு விலாசச் சீட்டு. லைப்ரரில வேல பாக்குறவங்க யாராச்சும் இந்த வருசம் புதுசா வர்ற புள்ளைககிட்ட இந்தச் சொல்லையே வச்சு ரேக்குல தேடச் சொல்லிப் பாத்துட்டு எழுதுங்க.