புதுப்பிப்பு: ஏதென்ஸ் ஆந்தைக் காசுக்குள் செம்பு

எடை 16.1 கிராம், விளிம்பில் பச்சைப் புள்ளி, முழு வெள்ளிதானா என்று முன்பு கேட்டுப் போட்டிருந்த நான்கு திராக்மா காசின் (பண்டைய ஏதென்ஸின் ஆந்தை பொறித்த வெள்ளிக் காசு வகை) அடர்த்தியைப் பார்த்தாயிற்று.

தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்கி, மெல்லிய நூலில் கட்டிய காசை அடியில் தொடாமல் முழுக்க அமிழ்த்தினால் 1.74 கிராம் காட்டுகிறது. அது காசு விலக்கும் தண்ணீரின் எடை, அதாவது கன செ.மீ.-இல் காசின் கனஅளவு. 16.1-ஐ அதால் வகுத்தால் அடர்த்தி 9.25. வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 8.96. ஆக, இது வெள்ளித் தகடு போர்த்திய செம்பு. நல்ல காசு 17.2 கிராம் பக்கம் நிற்கும்.

காற்றுக் குமிழி ஒட்டினால் அடர்த்தி குறைவாகக் காட்டும்; தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். வெள்ளியிலேயே வார்த்த இக்காலப் போலி இந்தச் சோதனையில் சிக்காது, விளிம்பில் அச்சு இணைந்த கோட்டை லென்ஸில் தேட வேண்டும்.

கி.மு. 375/4-இல் ஏதென்ஸில் நிக்கோபோன் என்பவர் கொண்டுவந்த காசுச் சட்டம், செம்பின் மேல் வெள்ளி போர்த்திய இத்தகைய காசை வெட்டச் சொன்னது. வெட்டுப்படாத இது பத்திரப்படுத்த வேண்டிய பொருள். சோதனை முடிந்ததும் அசிட்டோனில் முக்கி உலர்த்துங்கள். செம்பில் ஈரம் தங்கினால் பச்சை பரவும்.