கை வெடிப்பும் ஐந்தாவது தருணமும்: செவிலியர்களே, யோசனை சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஐசியூவில் நைட் ட்யூட்டி பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் நான். கை சுத்தம் செய்ய வேண்டிய நேரங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 தருணங்களில் முதல் நான்கை எங்கள் வார்டில் ஓரளவு ஒழுங்காகச் செய்கிறோம், ஆனால் ஐந்தாவது, அதாவது நோயாளியைத் தொடாமல் கட்டில் கம்பியையோ மானிட்டரையோ மட்டும் தொட்ட பிறகு கை சுத்தம் செய்வது, கிட்டத்தட்ட நடப்பதே இல்லை. நேற்றுகூட மருந்து ஏற்றும் பம்ப்பின் அலாரத்தை அணைத்த அதே கையுறையோடு ஒரு தங்கை அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள், பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது. கையுறை போட்டாலே போதும் என்ற நினைப்பை எப்படி மாற்றுவது?

அப்புறம் இன்னொன்று. பலருக்கும் விரல் இடுக்கில் தோல் வெடித்து, ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் கலந்த திரவம்) பட்டாலே எரிகிறது, அதனால் தவிர்க்கிறார்கள். ரப் போட்ட கையோடு சோப்பும் போடுவதுதான் தோலை இன்னும் கெடுக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பில் 40 முதல் 60 விநாடி, இல்லையென்றால் ரப் மட்டும் 20 முதல் 30 விநாடி தேய்த்தால் போதும். ஆனால் வயிற்றுப்போக்கு நோயாளிகள் இருக்கும்போது சோப்பைத் தவிர்க்க முடியாதே, அப்போது என்ன செய்கிறீர்கள்? ட்யூட்டி நடுவே போட, பிசுபிசுக்காத கிரீம் எது ஒத்துக்கொண்டது? அட்டெண்டர் அக்காக்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிக்கொடுத்த அனுபவம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.