கிண்ணத்தோட உள்பக்க வளைவுல உளி குதிக்குது, வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப வருஷ அனுபவம் உள்ள ஒரு கடைசல் மாஸ்டர்கிட்ட நேர்ல போய் லேத்துல மரக்கிண்ணம் கடையக் கத்துக்கிட்டு இருக்கேன், இது மூணாவது கிண்ணம். முதல் நாளே உளி மாட்டி கட்டை, அதைப் பிடிச்சிருக்குற சக்குல (chuck) இருந்து எகிறிடுச்சு, அப்புறம் அவர் என் கை மேல கை வெச்சு, முதல்ல உளியோட சரிவு (வெட்டுமுனைக்குப் பின்னாடி சாய்வா தீட்டுன பக்கம்) மட்டும் மரத்துல உரசட்டும், பிறகு பிடியை மெதுவா தூக்கு, வெட்டு தானா ஆரம்பிக்கும்னு காமிச்சார், அப்போ சீவல் நீள நீளமா ரிப்பன் மாதிரி வந்துச்சு பாருங்க, அவ்ளோ சந்தோஷம்.

வெளிப்பக்கம் அடியில இருந்து விளிம்புக்கு, உள்பக்கம் விளிம்புல இருந்து நடுவுக்குன்னு வெட்டுறது பிடிபட்டுடுச்சு. ஆனா உள்ள சுவர் முடிஞ்சு அடிப்பக்கம் திரும்புற இடத்துல சரிவு மரத்தைவிட்டு விலகிடுது, உளி குதிச்சு வரிவரியா விழுது. என் உளி 45 டிகிரி தீட்டல், அடிப்பக்கத்துக்குன்னு 60 டிகிரிக்கு மேல தீட்டுன இன்னொரு உளி வெச்சிக்கணுமா, இல்ல டூல் ரெஸ்டை (உளியைச் சாய்ச்சு வெக்குற தாங்கியை) உள்ள தள்ளி வெச்சாலே போதுமா?

இன்னொன்னு, எதிரெதிரா ரெண்டு இடத்துல மட்டும் நார் பிஞ்சு சொரசொரன்னு நிக்குது. அந்த இடத்துல ரேகை எதிர்த்து வரும்னு தெரியும், புதுசா தீட்டி மெல்லிசா சீவியும் போகல. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க மனசு வரல, உளியிலேயே சரி பண்ணனும். அடுத்த வகுப்புக்கு முன்னாடி பழகிப் பாக்கணும், அனுபவப்பட்டவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க.