சின்ன ஊர் பஸ் நேரம் கூகுள் மேப்ஸில் வர யார் வேலை செய்வது?

சேலத்துக்காரன்:
அமெரிக்காவில் சின்ன ஊர்களில் ஓடும் பஸ்களின் நேரத்தைப் பல இடங்களில் இன்னும் பிடிஎஃப் ஆக மட்டும்தான் போடுகிறார்கள். மேப்ஸில் தேடினால் அந்த ஊருக்கு பஸ்ஸே இல்லாத மாதிரி காட்டும். பஸ் நேரத்தை மேப்ஸ் படிக்கும்படி எழுதும் பொதுத் தரம்தான் ஜிடிஎஃப்எஸ். அது என்ன பெரிய வித்தையா? நிறுத்தம், வழித்தடம், நேரம், ஓடும் நாட்கள் என்று சில உரைக்கோப்புகள், எல்லாம் ஒரே ஸிப்பில். 2005-இல் போர்ட்லாந்தின் பஸ், ரயில் நிறுவனமான டிரைமெட்டும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. கிராமப்புறப் போக்குவரத்துக்கு உதவும் நேஷனல் ஆர்டேப் என்ற அமைப்பு இதற்கென்றே எக்செல் கருவியை இலவசமாகத் தருகிறது. ஆபீஸில் இருப்பவரே செய்யலாம். இதற்கு ஆள் அமர்த்த மாநில அரசு எதற்குக் காசு கொட்ட வேண்டும்?

கயல்விழி:
ஆபீஸில் இருப்பவர் யார் அண்ணா? போன் எடுப்பதும் அவர்தான், ஓட்டுநர் வராவிட்டால் வண்டி எடுப்பதும் அவர்தான். முதல் தடவை செய்வது கஷ்டமில்லை, சரி. அப்புறம்? காலண்டர் கோப்பில் முடிவு தேதி இருக்கிறது. அது தாண்டினால் பஸ் மேப்பிலிருந்து காணாமல் போகும். நேரம் மாறியும் கோப்பு மாறாவிட்டால் அதைவிட மோசம்: வராத பஸ்ஸுக்காக ஒருவர் பனியில் நிற்பார். அதற்குப் பழைய பிடிஎஃப்பே தேவலை. ஓரிகனில் மாநிலப் போக்குவரத்துத் துறை ஜிடிஎஃப்எஸ் தயாரிக்கும் டிரில்லியம் நிறுவனத்தை அமர்த்தி, சின்ன பஸ் நிறுவனங்களுக்கு இந்த வேலையைச் செய்துகொடுத்தது.

சேலத்துக்காரன்:
ஒப்பந்தம் முடிந்தால்? கோப்பைத் திறக்கவே தெரியாதவர் கையில் கோப்பு இருந்து என்ன பயன்? பள்ளி விடுமுறைக்கு எந்த டிரிப் நிற்கும் என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். டிரில்லியம் ஆளும் அவருக்குத்தானே போன் போட வேண்டும்?

ராக்கோழி:
போன் போடட்டுமே. விடுமுறையைச் சொல்வதும் கோப்பு எழுதுவதும் ஒரே வேலையா? நள்ளிரவு தாண்டும் டிரிப்பை 25:10:00 என்று எழுத வேண்டும். 01:10 என்று போட்டால் நாளே மாறிவிடும். பஸ் ஓட்டுகிறவர் இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும்? அதோடு, சின்ன ஊர்களில் பல வண்டிகள் கூப்பிட்டால் தடத்தை விட்டு விலகி வீட்டு வாசலுக்கே வருபவை. அதைச் சொல்லும் ஃப்ளெக்ஸ் பகுதி 2024-இல்தான் ஜிடிஎஃப்எஸ் தரத்தில் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. வெர்மாண்ட் மாநிலம் அதற்கு முன்பே தன் பயணத் தளத்தில் அதைப் பயன்படுத்தியது. அங்கே முன்நின்றது மாநில அரசு.

சேலத்துக்காரன்:
ஃப்ளெக்ஸுக்கு உதவி வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வழித்தடம், தினமும் ஒரே நேரம் என்று ஓடும் ஊருக்கும் கன்சல்டன்ட்டா?

கயல்விழி:
2023 அறிக்கையாண்டு முதல், நிலையான தடத்தில் பஸ் ஓட்டுகிறவர்கள் அமெரிக்க மத்திய அரசின் தேசியப் போக்குவரத்துத் தரவுத்தளத்துக்கு ஜிடிஎஃப்எஸ் கொடுத்தாக வேண்டும். கிராமப்புற நிறுவனங்களுக்காக அறிக்கை அனுப்புவது மாநிலம்தான். கோப்பில் தப்பு இருந்தால் அது மாநிலத்தின் மேஜைக்குத்தான் திரும்பி வரும். அதற்குப் பிறகு திருத்துவதைவிட முதலிலேயே ஓர் ஆளைப் போடலாமே.

சேலத்துக்காரன்:
ஆளைப் போடட்டும். ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிற ஆளாக இருந்தால் எனக்குச் சம்மதம்.