பொருள்: உப்புத்தாள் மிஷினுக்குக் கலைச்சொல் (திங்களுக்குள் வேண்டும்)

சத்துவாச்சாரியிலிருந்து:

வணக்கம். கோவளத்தில் அலைச்சறுக்குப் பலகை பழுதுபார்க்கக் கற்கும் பையன்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்குகிறேன். திங்கள் காலை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொல் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறது: ராண்டம் ஆர்பிட்டல் சாண்டர் (வட்டில் உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கும் மிஷின்), கிரிட் (தாள் எவ்வளவு சொரசொரப்பு என்று காட்டும் எண்).

பலகையின் வயிற்றில் இருப்பது தெர்மாகோல். பாலியெஸ்டர் பிசினிலுள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். அதனால் கண்ணாடியிழைத் துணி போர்த்தி எப்பாக்சிப் பிசின் பூசுகிறார்கள். நன்றாக இறுகிய பிறகு கிரிட் 80, 120, 220, 320 என்று படி தாண்டாமல் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் சூட்டில் எப்பாக்சி இளகித் தாளில் அப்பிக்கொள்ளும். வெறுமனே சுழலும் மிஷின் வளைவளைவாகக் கீறல் போடும். ராண்டம் ஆர்பிட்டலிலோ வட்டு மையம் விலகிச் சுற்றுகிறது, அதோடு தன் போக்கில் தானும் சுழல்கிறது. ஒரு கீறல்மேல் இன்னொன்று விழாது.

என் வரைவு: ‘சமவாய்ப்புச் சுற்றுப்பாதைத் தேய்ப்பி’. எனக்கே வாய் வலிக்கிறது.

(வேலூரில் உட்கார்ந்து கடல் பலகையா என்று கேட்க வேண்டாம். தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி செய்யும் பட்டியலில் இதுவும் இருக்கட்டும். கோட்டைக் கோயிலுக்குச் சாமி 1981-லேயே வந்துவிட்டார், பட்டியலில் அந்த இடம் காலி.)

திருவண்ணாமலையிலிருந்து:

‘தேய்ப்பி’ பிழை. வி, பி இரண்டும் பிறவினை விகுதி. ‘தேய்ப்பி’ என்றால் ஆள் வைத்துத் தேய்க்கச் செய் என்று ஏவலாகிவிடும். ‘தேய்ப்பான்’ என்க.

காட்பாடியிலிருந்து:

அப்போது ‘தேய்ப்பாள்’ யார் ஐயா?

திருவண்ணாமலையிலிருந்து:

அம்மா, ‘அழிப்பான்’ என்று ரப்பரைச் சொல்கிறோம். அதற்கு மீசையா முளைத்தது?

யாழ்ப்பாணத்திலிருந்து:

ராண்டத்துக்கு எங்கள் பாடநூல்களில் ‘எழுமாறு’. உங்கள் ‘சமவாய்ப்பு’ கணக்குக்குச் சரி. ஆனால் இந்த வட்டுக்கு யார் வாய்ப்புக் கொடுத்தார்கள்? அது கட்டில்லாமல் சுழல்கிறது, அவ்வளவுதான்.

குடியாத்தத்திலிருந்து:

கிரிட்டுக்குச் சொல் எதற்கு? தறிக்காரனைக் கேளுங்கள். 40-ஆம் நம்பர் நூலைவிட 80-ஆம் நம்பர் நைசு. தாளும் அப்படித்தான், நம்பர் ஏற ஏற நைசு. ‘நம்பர்’ போதும்.

திருவண்ணாமலையிலிருந்து:

நம்பர் தமிழா? சிலம்பில் கண்ணகியின் காற்சிலம்புப் பரல் மாணிக்கம், கோப்பெருந்தேவியின் பரல் முத்து. சிறுகல்லுக்கும் பரல் என்றே பெயர். எனவே 40, 60 எல்லாம் ‘பரல்’. ஆனால் 320-ஐப் பரல் என்பது பாவம். நுண்மணலுக்குப் பழஞ்சொல் ‘அயிர்’. பருந்தாள் பரல்தாள், நுண்தாள் அயிர்த்தாள். மணலில் கிடக்கும் அயிரை மீனுக்கும் பெயர் இதிலிருந்தே வந்திருக்கும் என்பது என் துணிபு.

மதுரையிலிருந்து:

அயிரைக் குழம்பு பற்றிப் பேசுவதானால் நான் வருகிறேன்.

ஆம்பூரிலிருந்து:

கடையில் போய் ‘அயிர்த்தாள் நாலு கொடு’ என்று கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம். தச்சருக்கு அது உப்புத்தாள், எங்கள் தோல் ஷாப்பில் எமரி. கல்லுப்பைத் தொட்டாற்போல் சொரசொரப்பாக இருக்கிறது, உப்புத்தாள். இதைவிட என்ன வேண்டும்?

திருவண்ணாமலையிலிருந்து:

அதில் உப்பே இல்லையே.

காட்பாடியிலிருந்து:

‘அரம்பொருத பொன்போலத் தேயும்’ என்பது குறள் 888. அதிகாரம் உட்பகை. இந்தக் குழுவுக்கென்றே எழுதியது.

ஆற்காட்டிலிருந்து:

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பாட்டி அம்மியில் அரைப்பாள், உரலில் இடிப்பாள், ஆட்டுக்கல்லில் ஆட்டுவாள். ஒன்றை இன்னொன்றின் பெயரால் சொன்னால் திட்டு விழும். குழவியைக் கையால் வளைத்துச் சுற்றுவோம். பிடி தளர்வாக இருப்பதால் குழவி தானும் புரளும். நீங்கள் சொல்லும் மிஷின் செய்வது இதைத்தானே? ‘ஆட்டு’ என்ற வினையிலேயே ராண்டமும் ஆர்பிட்டலும் இருக்கின்றன. ‘ஆட்டுத் தேய்ப்பான்’ என்று வையுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து:

அம்மா, கும்பிடுகிறேன். மிஷின் வாங்கும்போது பார்க்க வேண்டியது வட்டு எவ்வளவு அகலமாகச் சுற்றுகிறது என்பது. அதற்கும் இதிலேயே சொல் கிடைக்கிறது: 5 மில்லிமீட்டர் ஆட்டம் வேகமாகத் தின்னும், 2.5 மில்லிமீட்டர் ஆட்டம் கடைசி மெருகுக்கு. பலகையின் வளைந்த ஓரத்தில் மட்டும் வட்டுக்கும் தாளுக்கும் நடுவே மெத்தென்ற பஞ்சு வேண்டும். இல்லாவிட்டால் துணியின் நெசவு தெரிய ஆரம்பிக்கும்.

திருவண்ணாமலையிலிருந்து:

வினை அழகு. ஆனால் ‘ஆட்டுப்பால்’ போல இதையும் ஆடு என்றே பிரிப்பார்கள்.

காட்பாடியிலிருந்து:

ஆட்டுக்கல்லை யாரும் ஆட்டின் கல் என்று பிரித்ததில்லை, ஐயா.

ஆம்பூரிலிருந்து:

அது உங்கள் ஊரில். இங்கே ஆட்டுத்தோலை எமரியில் தேய்க்க உண்மையாகவே மிஷின் ஓடுகிறது. ‘ஆட்டுத் தேய்ப்பான் வேண்டும்’ என்றால் நேராக பஃபிங் ஷெட்டுக்குத்தான் அனுப்புவார்கள்.

குடியாத்தத்திலிருந்து:

ஐயோ.

சத்துவாச்சாரியிலிருந்து:

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பில் ‘ஆட்டுத் தேய்ப்பான்’, படத்துக்குக் கீழே ‘உப்புத்தாள் மிஷின்’. தாளுக்கு நம்பர். ஆம்பூர் அண்ணன் மன்னிக்க வேண்டும், கோவளத்தில் தோல் ஷாப் இல்லை.

திருவண்ணாமலையிலிருந்து:

அயிர் பற்றி இன்னும் யாரும் மறுமொழி சொல்லவில்லை.