கலைச்சொல் தேவை: கடல் தேய்த்துத் தந்த கண்ணாடி

மடல் 1 – ஹூஸ்டனிலிருந்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் நானும் கணவரும் கரீபியன் கடலில் ஏழு நாள் கப்பல் பயணம் போய் வந்தோம். போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானில் ஏறி, செயின்ட் கிட்ஸ், மார்ட்டினிக், பார்படோஸ் பார்த்துவிட்டு மீண்டும் சான் ஹுவானிலேயே இறங்கினோம். பயணக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் இரண்டாம் பத்தியிலேயே பேனா நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் 'சீ கிளாஸ்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எப்போதோ கடலில் வீசப்பட்ட பாட்டில் உடைகிறது. துண்டுகள் கல்லோடும் மணலோடும் புரண்டு, குறைந்தது 20, 30 ஆண்டுகள் கழித்துக் கரை ஒதுங்குகின்றன. விளிம்பு மழுங்கியிருக்கும். பளபளப்புப் போய், ஈரக்காற்றுப் பட்ட கற்கண்டு போல மங்கலாக இருக்கும். வெள்ளை, பழுப்பு, பச்சை சாதாரணம். நீலம் கிடைத்தால் அன்றைய நாள் நல்ல நாள். சிவப்பும் ஆரஞ்சும் ஆயுளுக்கு ஒன்றிரண்டு கிடைத்தாலே பெரிது என்கிறார்கள். அந்த ஒன்றிரண்டு இன்னும் எனக்கு வாய்க்கவில்லை.

'கடற்கண்ணாடி' என்று நேராக மொழிபெயர்த்து விடலாம் என்பீர்கள். என் கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். "மூழ்கும்போது போட்டுக்கொள்வதா?" என்றார். மூக்குக்கண்ணாடி, குளிர்கண்ணாடி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது அந்தச் சொல். அவருடைய பரிந்துரை 'கடற்கற்கண்டு'. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பேரக்குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். 'கடற்கன்னியின் கண்ணீர்' என்ற செல்லப்பெயரும் உண்டு. அதே பெயரைக் கரை ஒதுங்கும் பிளாஸ்டிக் குருணைக்கும் வைத்திருக்கிறார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

எனக்குப் பிடித்திருப்பது 'அலைச்சில்லு'. பொறுக்கி எடுப்பவரை என்னவென்று அழைப்பது என்பதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். 'சில்லு பொறுக்கி' என்று எழுதிவிட்டு அடுத்த நொடியே அடித்துவிட்டேன்.

மடல் 2 – டொராண்டோவிலிருந்து

அன்புள்ள அக்கா,

'அலைச்சில்லு' என்று படித்ததும் எனக்குக் கடலில் ஒரு சைக்கிள் மிதந்தது. யாழ்ப்பாணத்தில் சில்லு என்றால் சக்கரம். முன்சில்லு, பின்சில்லு, சில்லுக்குக் காற்றடிப்பது, எல்லாம் அதுதான். தமிழகத்தில் ஓட்டாஞ்சில்லு வைத்துப் பாண்டி ஆடியவர்களுக்கு உங்கள் சொல் உடனே விளங்கும். ஆனால் கணினித் துறைக்காரர்களும் சிலிக்கான் சில்லுக்கு அதைப் பட்டா போட்டுக்கொண்டுவிட்டார்கள். ஒரு சொல் எத்தனை வீட்டுக்குத்தான் மருமகளாகப் போகும்?

எங்கள் ஊரில் உடைந்த கண்ணாடித் துண்டைப் 'போத்தல் ஓடு' என்போம். வெறுங்காலோடு வெளியே ஓடினால் "போத்தல் ஓடு குத்தும்" என்று அம்மா கத்துவார். ஓடு என்பது பானையோடு, ஆமையோடு, முட்டையோடு என்று எல்லாத் தமிழருக்கும் பொது. அதை வைத்து 'அலையோடு' என்று ஒரு சொல் செய்து பார்த்தேன். கவிதை போல இருந்தது. பிறகு வாக்கியத்தில் வைத்தேன்: "அலையோடு வந்த அலையோடு." கைவிட்டேன். 'கடலோடு' அதைவிட மோசம். ஒருமை பன்மை சேர்த்தால் கடலோடிகள் வந்து நிற்கிறார்கள்.

ஆகவே என்னிடம் சொல் இல்லை, மறுப்பு மட்டும் உண்டு. ஒரு கேள்வி: ஏரியில் கிடைப்பதையும் உங்கள் சொல் தாங்குமா? இங்கே ஒன்டாரியோ ஏரிக்கரையில் நானே பொறுக்கியிருக்கிறேன். விளிம்பு மழுங்கித்தான் இருக்கும், அந்த மங்கல் மட்டும் அவ்வளவு ஏறியிருக்காது.

மடல் 3 – கோவையிலிருந்து

வணக்கம். பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்த மங்கலைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கும் ஒரு சொல் தேவைப்படும்.

மணல் உரசியதால் மட்டும் அது வருவதில்லை. சாதாரணப் பாட்டில் கண்ணாடி என்பது மணலோடு சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கியது. பல ஆண்டுகள் நீரில் கிடக்கும்போது அந்தச் சோடாவும் சுண்ணாம்பும் மேற்பரப்பிலிருந்து மெல்லக் கரைந்து வெளியேறுகின்றன. அவை இருந்த இடம் நுண்ணிய குழிகளாகிறது. உருட்டல் ஒரு பக்கம், கரைசல் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தத் தோல். உருளும்போது கல்லில் மோதி ஏற்படும் பிறை வடிவக் கீறல்களையும் உருப்பெருக்கியில் பார்க்கலாம். அமிலத்தில் முக்கிச் செய்த போலிக்கு அந்தப் பிறைகள் இருப்பதில்லை, ஒரே சீராக வெளுத்திருக்கும்.

இதைப் 'பூத்தல்' என்று சொல்லலாம் எனத் தோன்றுகிறது. நீறு பூத்த நெருப்பு என்கிறோம், பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது என்கிறோம். 'சுவரில் உப்புப் பூத்திருக்கிறது' என்பதைத்தான் முதலில் நினைத்தேன், ஆனால் அது பொருந்தாது. அங்கே உப்பு வெளியே வந்து படிகிறது, இங்கே வெளியேறிப் போய்விடுகிறது. 'பூத்த கண்ணாடி', 'பூக்காத கண்ணாடி' போதும். தயவுசெய்து யாரும் அதைச் சுருக்கிப் 'பூப்பு' என்று எழுதிவிடாதீர்கள், நீராட்டு விழா நடத்த வேண்டியிருக்கும்.

அம்மையார் வண்ணங்களில் ஊதாவை விட்டுவிட்டார். அது ஊதாவாகப் பிறந்ததில்லை. மணலில் இருக்கும் இரும்பு கண்ணாடிக்குப் பச்சை நிறம் ஏற்றும். அதை முறிக்க மாங்கனீசு சேர்ப்பார்கள், முதல் உலகப் போர்க்காலம் வரை இது பெருவழக்கு. அந்த மாங்கனீசு வெயில் பட்டுப் பட்டு மெல்ல ஊதாவாக மாறும். ஆகவே வெளிர் ஊதாத் துண்டு கையில் வந்தால் அது பெரும்பாலும் நூறு வயது தாண்டியது.

மடல் 4 – ஹூஸ்டனிலிருந்து

ஐயா, 'பூத்த' என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தம்பி, சைக்கிள் கடலிலேயே போகட்டும், 'சில்லு' வேண்டாம். உங்கள் ஏரிக் கேள்விதான் என் பிடியை மாற்றியது. இடத்தை வைத்துப் பெயரிட்டால் ஏரிக்கு ஒன்று, ஆற்றுக்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். நடந்ததை வைத்துப் பெயரிட வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குப் பயணத்திலிருந்தே சில செய்திகள்.

செயின்ட் கிட்ஸில் எங்களைக் கூட்டிப்போன வண்டிக்காரர் அருமையான வெண்மணல் கரையில் இறக்கிவிட்டார். இரண்டு மணி நேரம் குனிந்து தேடியும் ஒன்றும் இல்லை. பிறகுதான் உறைத்தது, படத்தில் வரும் கரை இதற்கு உதவாது. வெறும் மணல் தேய்க்காது, சரளையும் பாறையும் வேண்டும். பக்கத்தில் பழைய துறைமுகமோ குப்பை கொட்டிய இடமோ இருக்க வேண்டும். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போகச் சொல்வார்கள். சான் ஹுவானில் ஓதம் ஏறி இறங்குவதே ஏறக்குறைய ஒன்றரை அடிதான், அதனால் முந்தின இரவு அலை மோதியதா என்பதைப் பார்ப்பதே மேல். 2011க்குப் பிறகு ஏறக்குறைய ஆண்டுதோறும் வந்து குவியும் சர்காசம் பாசி வேறு. அது மூடிய கரையில் கண்ணாடியும் தெரியாது, மூக்கையும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பார்படோஸில் ஸ்பெயிட்ஸ்டவுன் என்ற சிற்றூர். பிரிஸ்டல் நகரத்தோடு அவ்வளவு வணிகம் நடந்ததால் 'குட்டி பிரிஸ்டல்' என்றே அதற்குப் பெயர். ரம் காய்ச்சிய தீவு அது. அங்குள்ள ஒரு வடிசாலையின் பத்திரம் 1703-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ரம் இருந்தால் பாட்டில் இருக்கும், பாட்டில் இருந்தால் கடலில் எறிபவர் இருப்பார். கற்களுக்கு நடுவே நிலக்கரி போல ஒன்று கிடந்தது. எறிந்துவிடப் போனேன். பக்கத்தில் தேடிக்கொண்டிருந்த உள்ளூர் மூதாட்டி என் கையைப் பிடித்து அதைச் சூரியனுக்கு நேரே உயர்த்தினார். உள்ளே கரும்பச்சை! 17, 18-ஆம் நூற்றாண்டுகளின் மதுப்புட்டிகள் இரும்பு மிகுந்து இப்படித்தான் கறுத்திருந்தன. என்னுடையது அவ்வளவு பழையதா என்று உறுதி சொல்ல என்னால் முடியாது, தடிமன் மட்டும் அரை விரல்.

இன்னொன்று பளபளவென்று, ஓரம் கூராக இருந்தது. மூதாட்டி அதை வாங்கித் திருப்பிக் கடலிலேயே எறிந்தார். "இன்னும் ஆகவில்லை" என்றார். அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருக்கிறது. நம்மிடம் இதற்குச் சொல் உண்டு: காய், செங்காய், கனி. ஓரம் மழுங்கி மேலே பூக்காதது செங்காய்.

மார்ட்டினிக்கில் செயின்ட் பியர் நகரம். 1902 மே 8 அன்று பெலே எரிமலை வெடித்து, சில நிமிடங்களில் ஏறக்குறைய 28,000 பேர் மாண்டார்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் நெருப்பில் உருகி வளைந்த பாட்டில்களும் குவளைகளும் இருக்கின்றன. (1853 முதல் நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன தீவு. சந்தையில் கட்டம் போட்ட 'மெட்ராஸ்' துணியைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் வேறு எதுவும் ஓடவில்லை.) உருகியதும் கண்ணாடிதான், தேய்ந்ததும் கண்ணாடிதான். 'கடற்கண்ணாடி' என்றால் கடலோரத்தில் கிடக்கும் உருகிய துண்டையும் குறிக்கும். நமக்குத் தேவை தேய்ந்தது மட்டும்.

உருண்டு தேய்ந்த கல்லுக்கு நம் ஊரில் ஆற்றோரக் குழந்தைக்கும் தெரிந்த பெயர் இருக்கிறது, கூழாங்கல். அப்படியானால் உருண்டு தேய்ந்த கண்ணாடி 'கூழாங்கண்ணாடி'. கடலுக்கும் ஏரிக்கும் பொது. எப்படி?

மடல் 5 – சென்னையிலிருந்து, மட்டுறுத்துநர்

சொல் காதுக்கு இனிக்கிறது. இலக்கணக்காரர் யாராவது வருவதற்கு முன் நானே கேட்டுவிடுகிறேன். 'கூழாங்' என்பது தனியே நின்று 'உருண்டு தேய்ந்த' என்று பொருள் தருமா? கல்லோடு ஒட்டிப் பிறந்ததைப் பிய்த்தெடுத்துக் கண்ணாடியில் ஒட்டலாமா?

மடல் 6 – டொராண்டோவிலிருந்து

அக்காவுக்காக நான் வழக்காடுகிறேன். எள்ளின் நெய்தான் எண்ணெய். பிறகு தேங்காய் எண்ணெய் வந்தது, வேப்பெண்ணெய் வந்தது, மண்ணெண்ணெயும் வந்தது. மண்ணெண்ணெயில் எள் எங்கே இருக்கிறது, மட்டுறுத்துநர் ஐயா? கூழாங்கல்லைப் பார்த்தவர் எவருக்கும் கூழாங்கண்ணாடி விளங்கும். விளக்கம் கேட்காமல் விளங்கினால் அது நல்ல சொல்.

ஒரு திருத்தம் மட்டும். கருமையானதைக் 'கருப்புக் கண்ணாடி' என்று எழுதிவிடாதீர்கள். அரசியல் மேடை நினைவுக்கு வரும். 'கருங்கூழாங்கண்ணாடி' என்றால் மூச்சு முட்டுகிறது. 'கருங்குப்பி ஓடு' என்று வைப்போம், எங்கள் ஓட்டுக்கும் ஓர் இடம் கிடைத்ததாக இருக்கட்டும்.

மடல் 7 – கோவையிலிருந்து

எனக்கும் உடன்பாடே. செயற்கையாக உருட்டிச் செய்து கடையில் விற்பதைக் கூழாங்கண்ணாடி என்று சொல்லக் கூடாது, 'உருட்டுக் கண்ணாடி' என்று பிரித்து வையுங்கள். கையில் உருப்பெருக்கி இல்லாத வாசகர் ஏமாறுவார்.

அம்மையாருக்கு ஒரு கேள்வி. எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவர விட்டார்களா?

மடல் 8 – ஹூஸ்டனிலிருந்து

இடத்துக்கு இடம் வேறுபடும் ஐயா. சான் ஹுவானின் பழைய கோட்டைகள் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன, அந்த எல்லைக்குள் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. கலிபோர்னியாவில் ஃபோர்ட் பிராக் ஊர்க்காரர்கள் 1906 முதல் 1967 வரை கடலோரத்தில் குப்பை கொட்டினார்கள். இன்று அது கண்ணாடிக் கடற்கரை என்று உலகப் புகழ். அங்கே பூங்கா எல்லைக்குள் கிடப்பதை எடுக்கத் தடை. அறுபது ஆண்டுக் குப்பைக்கு இப்போது காவல்! பாட்டில் போய் பிளாஸ்டிக் வந்த பிறகு புதிதாக விளைவது குறைந்துகொண்டே வருகிறது, அதனால் காவலும் நியாயம்தான்.

நான் எடுத்துவந்தவை மொத்தம் பதினொன்று. கருங்குப்பி ஓட்டை மட்டும் மூதாட்டியிடமே கொடுத்துவிட்டேன். கண்டுபிடித்தது அவர்தானே.

மடல் 9 – சென்னையிலிருந்து, மட்டுறுத்துநர்

மறுப்பு எதுவும் வரவில்லை. குழுவின் பட்டியலில் கீழ்க்கண்டவாறு ஏற்றிவிட்டேன். சீ கிளாஸ்: கூழாங்கண்ணாடி. அதன் மங்கிய மேற்பரப்பு: பூத்த பரப்பு. அரைகுறையாய்த் தேய்ந்தது: செங்காய். பழைய கரும்பச்சைத் துண்டு: கருங்குப்பி ஓடு. பொறுக்கி எடுப்பவருக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். 'கண்ணாடி தேடுநர்' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். காலையில் மூக்குக்கண்ணாடியைக் காணாமல் வீடெல்லாம் துழாவும் எனக்கு அந்தப் பட்டம் ஏற்கெனவே உண்டு.