ராணுவம் கழித்த சீசெட்-82: பொழுதுபோக்குச் சுடுதலுக்கு வாங்கலாமா?

கேள்வி:
வணக்கம். கிரீன் கார்டு பெற்று டெக்சாஸில் வசிக்கிறேன். சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியால் காகித இலக்கைச் சுட்டுப் பழகிய எனக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்திருக்கிறது. செக்கோஸ்லோவாக்கிய ராணுவம் கழித்த சீசெட்-82 கைத்துப்பாக்கி ஒன்று கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது. ஆனால், குழலுக்குள் பார்த்தபோது, குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் தேய்ந்து மழுங்கியவைபோல் தெரிந்தன. வாங்கலாமா?

மறுமொழி 1:
அஞ்ச வேண்டாம், ஐயா. அந்தக் குழலின் உட்புறம் கூரிய விளிம்புள்ள பள்ளங்களாக வெட்டப்படாமல், பலகோண வடிவில் மழுங்கலான முனைகளோடுதான் செய்யப்பட்டது. அதை அறியாமல் நல்ல துப்பாக்கியைத் தேய்ந்தது என்று ஒதுக்கியவர்கள் உண்டு. உள்ளே குரோமிய முலாமும் இருப்பதால் எளிதில் துருப்பிடிக்காது. தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, விசைக் காப்பு வளையத்தைக் கீழே இழுத்து, குழலை மூடி முன்னும் பின்னும் நகரும் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளித் தூக்கினால் அது கையோடு வந்துவிடும். பிறகு குழலின் பின்வாயில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து முன்பக்கத்திலிருந்து பாருங்கள். கரும்புள்ளிகளின்றிப் பளபளத்தால் தயங்காமல் வாங்கலாம். குழலைச் சுற்றியுள்ள சுருள்வில்லை மட்டும் புதிதாக மாற்றிவிடுங்கள்; சுடும்போது குழலையும் ஸ்லைடையும் பிணைத்துவைக்கும் பூட்டு அமைப்பு எதுவுமில்லாத இவ்வகைத் துப்பாக்கியில் பின்னுதைப்பைத் தாங்குவது அந்த வில்லும் ஸ்லைடின் எடையுமே. தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினில் 12 தோட்டாக்கள் கொள்ளும். இதே தோட்டாவைச் சுடும் ரஷ்ய மக்கரோவ் கைத்துப்பாக்கியில் 8தான்.

மறுமொழி 2:
உண்மையான செலவு தோட்டாவில்தான் இருக்கிறது என்பதால், துப்பாக்கியின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இது சுடுவது 9×18 மக்கரோவ் என்னும் தோட்டா. எந்தக் கடையிலும் கிடைக்கும் 9×19 தோட்டா இதற்குச் சேராது. மக்கரோவ் குண்டின் விட்டம் ஏறத்தாழ 9.27 மி.மீ., மற்றதோ 9.01 மி.மீ. மலிவு என்று பழைய ராணுவத் தோட்டாக்களை வாங்கினால், அவற்றின் பற்றவைப்பு மருந்து குழலில் உப்பை விட்டுச்செல்லக்கூடும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது. என் பழைய ராணுவக் கைத்துப்பாக்கியான தோகரேவை ஒருமுறை எண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்து வைத்தேன். இரண்டே நாளில் குழல்வாயில் செம்மண் பூசியதுபோல் துரு படர்ந்திருந்தது. அன்றிலிருந்து முதலில் வெந்நீர், நன்றாக உலர்த்திய பிறகே எண்ணெய் என்பது என் வழக்கம்.

மறுமொழி 3:
இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம் என்பதை எச்1பி விசாவில் இருப்பவர்கள் தமக்கும் பொருந்துவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, குடியேற்றமற்ற விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. வழக்கறிஞரைக் கேட்காமல் கடைப்படி ஏறாதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று காகிதம் வைத்துப் பார்த்தேன். குழல் கண்ணாடிபோல் இருந்தது. சுருள்வில்லுக்கும் பூட்டுப் பெட்டிக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கிவிட்டேன்.